வீட்டுக் கணினிக்கு பேக்கப்: எக்ஸ்டர்னல் டிரைவைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

பேக்கப் எடுக்க எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கலாம் என்று முடிவு செய்தவர் முதலில் கேட்பது "எத்தனை டிபி வாங்கலாம்?" என்பதுதான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த எண் என்பதால் அப்படிக் கேட்கத் தோன்றுகிறது. அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. எத்தனை டிரைவ் வாங்கப் போகிறீர்கள்? அது எப்போதும் கணினியில் செருகியே கிடக்குமா, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்படுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தை வேகமான, பெரிய ஒரே டிரைவில் போடாதீர்கள். சாதாரணமான இரண்டு டிரைவ் வாங்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். இதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பாருங்கள்

விண்டோஸ் கணினி என்றால் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், ஸ்டோரேஜ் என்று போனால் எவ்வளவு இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டிரைவ் வாங்கும்போது தேவைப்படும்.

மென்பொருள்களை மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். படங்கள், வீடியோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், எழுதிய கட்டுரைகள், கணக்கு வழக்குகள் போனால் திரும்பாது. இவை எல்லாம் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் என்று ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பலருடைய முக்கியமான ஆவணங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப்பை ஒருமுறை திறந்தோம், அது அங்கேயே தங்கிவிட்டது. கணக்கு எழுதும் மென்பொருள்கள் சில தங்கள் ஃபைல்களை சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவற்றில் மின்னஞ்சல்களைக் கணினியிலேயே சேமித்திருந்தால் அவையும் வேறொரு மூலையில் இருக்கும். ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் ஒரு தாளில் பட்டியல் போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்றவை டிஸ்க்கில் இடம் மிச்சப்படுத்துவதற்காக ஃபைலின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும். ஃபைலுக்குப் பக்கத்தில் மேகம் போன்ற சின்னம் இருந்தால் அது உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். இல்லாத ஃபைலை பேக்கப் மென்பொருள் எப்படி எடுக்கும்? விட்டுவிட்டுப் போய்விடும். ஒன்டிரைவில் முக்கியமான ஃபோல்டரை வலது கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்று கொடுத்தால் முழு ஃபைலும் கணினிக்கு வந்துவிடும். மேக்கில் ஐகிளவுட் அமைப்பில் "ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்" என்பதை அணைத்துவிட்டு, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருங்கள்.

இரண்டாம் படி: எந்த அளவு, எந்த வகை

அளவுக்கு எளிய கணக்கு: இப்போது பயன்பாட்டில் இருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு. 400 ஜிபி இருந்தால் 1 டிபி போதும். பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்க இடம் வேண்டும், படங்களும் வருடா வருடம் கூடும், அதனால்தான் இரண்டு மடங்கு. மேக்கோடு வரும் டைம் மெஷின் என்ற பேக்கப் மென்பொருளுக்கு, கணினியின் மொத்தக் கொள்ளளவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது.

1 டிபி டிரைவை விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். பதற வேண்டாம், யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1000-க்குப் பதிலாக 1024-ஆல் வகுத்துக்கொண்டு போகிறது. பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்றேதான்.

அடுத்து, சுழலும் தட்டில் எழுதும் ஹார்ட் டிஸ்க்கா, சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியா என்ற கேள்வி. வீட்டு பேக்கப்புக்கு, மேஜையில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கே போதும் என்பேன். ஒரு டிபிக்கான விலை அதில் குறைவு. அந்த மிச்சத்தில்தான் இரண்டாவது டிரைவ் வாங்க முடியும். வேகம் குறைவுதான். ஆனால் பேக்கப் பின்னணியில் ஓடும் வேலை, முதல் முறை தவிர மற்ற நேரங்களில் அந்த வேகக் குறைவு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கின் பலவீனம் அடி. உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது, அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மேஜையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். அணைந்திருக்கும்போது விழுந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் அந்த டிரைவை அப்புறம் முழுதாக நம்ப முடியாது. பையில் போட்டுத் தினமும் தூக்கிக்கொண்டு அலைபவர் என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள், அதில் அசையும் பாகமே கிடையாது.

எஸ்எஸ்டிக்கும் ஒரு குறை உண்டு. அது தகவலை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. மின்சாரமே கிடைக்காமல் நீண்ட காலம் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பின் வரையறையில், எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன ஒரு சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. புதிய டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும் அலமாரியில் போட்டுவிட்டு ஐந்து வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பதற்கு எஸ்எஸ்டி சரியான இடம் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை செருகுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலேயே இரண்டு உருவம் இருக்கிறது. கையடக்கமான 2.5 அங்குல டிரைவ் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரிய 3.5 அங்குல டிரைவுக்குத் தனி அடாப்டர் வேண்டும். 4, 5 டிபிக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் பெரியதைப் பார்க்கட்டும், மற்றவர்களுக்குச் சின்னதே வசதி.

கையடக்க டிரைவ்களில் பல, தட்டில் எழுதும் வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் முறையில் வருகின்றன. ஒரு வரிசையை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து வரிசைகளையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். அதனால் நகலெடுக்க ஆரம்பித்தபோது வேகமாக ஓடி, கொஞ்ச நேரத்தில் நத்தை வேகத்துக்கு இறங்கினால் டிரைவ் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பேக்கப்புக்கு இது ஒரு தடையே இல்லை.

பென் டிரைவை மட்டும் பேக்கப்புக்கு நம்பாதீர்கள். ஃபைலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக அது போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாம் படி: கேபிளும் போர்ட்டும்

டிரைவ் யூஎஸ்பி 3 வகையாக இருக்கட்டும், இப்போது விற்பவை பெரும்பாலும் அதுதான். அதைச் செருகும் போர்ட்டும் யூஎஸ்பி 3 ஆக இருக்க வேண்டும். பல கணினிகளில் அந்த போர்ட்டின் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். வித்தியாசம் பெரியது: 500 ஜிபியை யூஎஸ்பி 3-இல் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்றால், பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் நான்கு மணி நேரம் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டிலுமே இன்னும் கூடும்.

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான். டைப்-சி கேபிளாக இருந்தாலும், போன் சார்ஜ் செய்யக் கொடுக்கும் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வேகத்தில்தான் வேலை செய்யும். டிரைவோடு வந்த கேபிளை டிரைவோடேயே வைத்திருங்கள்.

கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் டிரைவ் பக்கம் இருப்பது அகலமான, நடுவில் ஒரு வெட்டு விழுந்த மைக்ரோ-பி முனை. இது கொஞ்சம் தளர்வான சாதி. ஒரு பக்கமாக இழுத்தபடியோ, டிரைவைக் கேபிளில் தொங்கவிட்டபடியோ பயன்படுத்தினால் சில மாதங்களில் ஆட ஆரம்பிக்கும். டிரைவ் தானாகத் துண்டித்துத் துண்டித்துச் சேர்ந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாக இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் டிரைவுக்குப் போதிய சக்தி கிடைக்காமல் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிடும். டிரைவ் செத்துவிட்டது என்று தூக்கிப் போடும் முன் இந்த இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

நான்காம் படி: போலியா என்று சோதியுங்கள்

நம்ப முடியாத குறைந்த விலைக்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று இணையத்தில் வரும் விளம்பரங்கள் அனைத்துமே மோசடி என்று தைரியமாகச் சொல்லலாம். உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டை வைத்து, அது 16 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி நிரலை மாற்றியிருப்பார்கள். இதில் கொடுமை என்னவென்றால், நகலெடுக்கும்போது எந்தப் பிழையும் காட்டாது. ஃபைல் பெயர்கள் எல்லாம் அழகாகத் தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதியவை குப்பையாகிவிடும். என்றைக்காவது திறந்து பார்க்கும்போதுதான் தெரியவரும்.

சந்தேகம் இருந்தால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. டிரைவ் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பல மணி நேரம் ஆகும். புதிய டிரைவ் எதுவானாலும் இதை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. உற்பத்திக் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஃபார்மேட், பெயர், பாஸ்வேர்டு

ஃபார்மேட் என்பது டிரைவில் இருப்பதை அழித்து, ஃபைல்களை வைக்கும் ஒழுங்கை அதில் அமைப்பது. விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் என்ற ஒழுங்கில் ஃபார்மேட் செய்யுங்கள். டைம் மெஷினுக்கு என்றால் மேக்கே கேட்டு ஏபிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், ஆனால் எழுதாது. இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் இருக்கிறது, ஆனால் பேக்கப் டிரைவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதும்போது நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டால் அது எளிதில் குழம்பிவிடும். ஃபேட்32 வேண்டவே வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை வைக்கவே முடியாது.

ஃபார்மேட் செய்யும்போதே டிரைவுக்கு 'பேக்கப்-1', 'பேக்கப்-2' என்று பெயர் கொடுங்கள். அதே பெயரை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரைவின் மேலேயும் ஒட்டுங்கள், வாங்கிய மாதம், வருடத்தோடு. ஒரே மாதிரி கருப்பாக இருக்கும் இரண்டு டிரைவில் எது எது என்று குழம்பி, தவறானதை அழிக்காமல் இருக்க இந்த ஸ்டிக்கர்தான் காவல்.

உங்கள் அடையாள ஆவணங்களும் குடும்பப் படங்களும் உள்ள டிரைவ் திருட்டுப் போனால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதனால் என்கிரிப்ஷன் போட்டுவிடுங்கள், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி அது தகவலைப் பூட்டிவிடும். டைம் மெஷினில் டிரைவைச் சேர்க்கும்போதே அதற்கான தேர்வு இருக்கும். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் இதற்கு பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் எக்ஸ்டர்னல் டிரைவுக்கு பிட்லாக்கர் போட முடியாது, ஆனால் வேறு கணினியில் போட்டதைத் திறக்க முடியும். ஹோம் பதிப்புக்காரர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

பாஸ்வேர்டும் போய், மாற்றுச் சாவியும் இல்லையென்றால் தகவல் போனதுதான், யாராலும் எடுத்துத் தர முடியாது. பாஸ்வேர்டு மறந்தாலும் திறக்க உதவும் ரெக்கவரி கீ ஒன்றை பிட்லாக்கர் கொடுக்கும், அதை அச்சிட்டு, வீட்டு ஆவணங்களோடு கோப்பில் வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்தால் கணினி போகும்போது அதுவும் போய்விடும். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தின் படங்கள் பூட்டியே கிடக்கக் கூடாது.

ஆறாம் படி: மென்பொருளை ஓடவிடுங்கள்

கையால் இழுத்துப் போட்டு நகலெடுப்பதும் பேக்கப்தான், ஆனால் அது இரண்டாவது மாதத்தோடு நின்றுவிடும். எது மாறியது, எது புதிது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் அலுப்பு வந்துவிடும். கணினியோடு வரும் மென்பொருளையே பயன்படுத்துங்கள்.

மேக்கில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது, அதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. டிரைவைச் செருகி, சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், டைம் மெஷின் பக்கத்தில் சேர்த்தால் போதும். கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கு ஒன்று என்று பதிப்புகளை வைத்துக்கொள்ளும். இடம் தீர்ந்தால் மிகப் பழையதை அழித்துக்கொள்ளும். இரண்டு டிரைவைச் சேர்த்துவிட்டால் எது செருகியிருக்கிறதோ அதில் எழுதும்.

விண்டோஸில் கொஞ்சம் குழப்பம் உண்டு. விண்டோஸ் 11-இல் 'விண்டோஸ் பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஆப் இருக்கிறது, அது உங்கள் ஃபைல்களை ஒன்டிரைவுக்கு அனுப்புவது. எக்ஸ்டர்னல் டிரைவுக்கு வேண்டியது கண்ட்ரோல் பேனலில் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி. ஸ்டார்ட் மெனுவில் கண்ட்ரோல் பேனல் என்று தேடி, அதற்குள் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, டிரைவைத் தேர்ந்தெடுத்து 'டர்ன் ஆன்' கொடுங்கள். டிரைவ் செருகியிருக்கும்போது மணிக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும். முன்பே போட்ட பட்டியலை இங்கே கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக், டெஸ்க்டாப் போன்றவற்றை அது தானாக எடுக்கும். வேறு இடத்தில் உள்ள ஃபோல்டரை அது எடுக்க வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'இன்க்ளூட் இன் லைப்ரரி' வழியாக ஒரு லைப்ரரியில் சேர்க்க வேண்டும்.

ஃபைல் ஹிஸ்டரி ஒரு நேரத்தில் ஒரு டிரைவில்தான் எழுதும். இரண்டாவது டிரைவுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற இலவச மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேறு மென்பொருள்கள் இரண்டு டிரைவில் எழுதுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது, ஒன்றில் கோளாறு வந்தால் மற்றொன்று அதே கோளாறில் சிக்காது. ஆனால் ஃப்ரீஃபைல்சிங்க்கில் 'மிரர்' என்ற முறையில், கணினியில் அழித்தது டிரைவிலும் அழிந்துவிடும். அழிந்த ஃபைல்களை தேதிவாரியாகத் தனி ஃபோல்டரில் எடுத்து வைக்கும் 'வெர்ஷனிங்' தேர்வை அதில் போட்டுவிடுங்கள்.

லினக்ஸில் தேஜா டுப் என்ற பேக்கப் கருவி எளிமையானது. டைம்ஷிஃப்ட்டும் நல்ல கருவிதான், ஆனால் அது சிஸ்டம் ஃபைல்களுக்காக உருவாக்கப்பட்டது. உங்கள் படங்களை அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம்.

எது பேக்கப் ஆகாது

இடம் போதவில்லை என்று கணினியிலிருந்த படங்களை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாற்றிவிட்டு, கணினியில் அழித்துவிடுகிறோம். பிறகு "எல்லாம் பேக்கப்பில் இருக்கிறது" என்கிறோம். உண்மையில் இப்போது அந்தப் படங்கள் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன. அதுவும் கணினியைவிட எளிதில் கீழே விழக்கூடிய, தொலையக்கூடிய இடத்தில். புகைப்படங்கள் பறிபோன கதைகளில் நான் மிக அதிகம் கேட்டது இந்த ஒன்றைத்தான். இடத்துக்காக நகர்த்தினால் இரண்டு டிரைவிலும் ஒரு நகல் இருக்கிறது என்று பார்த்த பிறகே கணினியில் அழியுங்கள்.

ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்து, சியில் உள்ளதை டியில் நகலெடுப்பதும் பேக்கப் ஆகாது. சாவியின் நகலை அதே சாவிக்கொத்தில் மாட்டி வைப்பது போலத்தான் அது. கொத்து தொலைந்தால் இரண்டும் தொலையும்.

இணையச் சேமிப்பு மட்டும் இருந்தால் போதுமா? ஒரு ஃபைலை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குறிப்பிட்ட நாள்களுக்குள் கவனிக்காவிட்டால் குப்பைத்தொட்டியிலிருந்தும் போய்விடும். கூடவே இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் டிரைவுக்கு மாற்று இல்லை.

ஏழாம் படி: கழற்றி வைப்பது

டிரைவை எப்போதும் செருகியே வைத்திருந்தால் பேக்கப் தானாக நடக்கும், வசதிதான். ஆனால் கணினிக்கு வரும் ஆபத்து எல்லாம் டிரைவுக்கும் சேர்ந்தே வரும். மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் போகலாம். திருடன் இரண்டையும் எடுத்துப் போவான். எல்லாவற்றையும்விட முக்கியம் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய வானாகிரை என்ற ரான்சம்வேர் கணினியின் டிஸ்க்கோடு நிற்கவில்லை, அதில் செருகியிருந்த டிரைவ்களில் உள்ள ஃபைல்களையும் பூட்டியது. அதன் பிறகு வந்தவை பேக்கப்பைத் தேடிப் பிடித்து அழிப்பதில் இன்னும் தேர்ந்தவை. அலமாரிக்குள் இருக்கும் டிரைவை எந்த வைரஸும் தொட முடியாது.

நான் சொல்லும் முறை இது. பேக்கப்-1 வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை, உங்களுக்கு வசதியான ஒரு நாளில், செருகி ஓடவிட்டுக் கழற்றுங்கள். எழுத்து, வடிவமைப்பு என்று தினமும் கணினியில் வேலை செய்பவர் தினமும் செருகட்டும். ஒரு வார வேலை போனால் தாங்குமா என்று உங்களையே கேட்டுக்கொண்டால் இடைவெளி தெரிந்துவிடும். பேக்கப்-2 வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், உறவினர் வீட்டிலோ, அலுவலக மேஜை டிராயரிலோ. மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள். தீயோ வெள்ளமோ வந்தாலும் ஒரு மாதத்துக்கு முந்தைய நிலையாவது பத்திரமாக இருக்கும்.

கழற்றும்போது 'இஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள். கணினி, எழுதியதாகச் சொல்லும் சில தகவல்களைத் தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருக்கும். இஜெக்ட் கொடுத்தால்தான் அவை டிரைவில் இறங்கி முடியும். ஹார்ட் டிஸ்க் என்றால் செய்தி வந்தவுடன் தூக்கிவிடாதீர்கள். விரலை அதன் மேல் லேசாக வைத்துப் பாருங்கள், மெல்லிய அதிர்வு குறைந்துகொண்டே வந்து சில நொடிகளில் அடங்கும். தட்டு நின்றுவிட்டது, இனி தூக்கலாம். 'டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது' என்று இஜெக்ட் ஆக மறுத்தால் திறந்திருக்கும் ஜன்னல்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் கணினியை முழுவதும் அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பேக்கப் டிரைவில் வேறு வேலை எதுவும் வேண்டாம். படம் பார்க்க டிவியில் செருகுவது, நண்பருக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பது எல்லாம் இதில் கூடாது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிவிகள் சில, செருகிய டிரைவை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால் முடிந்தது.

எட்டாம் படி: திரும்ப எடுத்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பேக்கப் ஓடியது என்று பச்சை அடையாளம் காட்டினால் திருப்தியாகிவிடுகிறோம். ஆனால் நமக்கு வேண்டியது திரும்ப எடுக்கும் வழி. அதைப் பதற்றமான ஒரு நாளில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கக் கூடாது.

டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, அதில் 'ஒன்று' என்று மட்டும் எழுதிச் சேமியுங்கள். பேக்கப்பை ஓடவிடுங்கள். ஃபைல் ஹிஸ்டரியில் 'ரன் நவ்', டைம் மெஷினில் 'பேக் அப் நவ்'. முடிந்ததும் ஃபைலைத் திறந்து 'ஒன்று' என்பதை அழித்து 'இரண்டு' என்று எழுதுங்கள். மறுபடி பேக்கப். இப்போது அந்த ஃபைலையே அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.

இனி 'ஒன்று' என்று எழுதியிருந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவர முயலுங்கள். ஃபைல் ஹிஸ்டரியில் 'ரிஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்' திறந்து, கீழே உள்ள இடது அம்புக்குறியை அழுத்தினால் காலத்தில் பின்னோக்கிப் போகலாம். கிடைத்ததை வலது கிளிக் செய்து 'ரிஸ்டோர் டு' கொடுத்து வேறொரு ஃபோல்டரில் வையுங்கள், இருக்கும் ஃபைலின் மேல் எழுதாமல் தப்பிக்க இது நல்ல பழக்கம். மேக்கில் டெஸ்க்டாப் ஃபோல்டரை ஃபைண்டரில் திறந்து, மேல் பட்டையில் உள்ள டைம் மெஷின் சின்னத்தின் வழியாக 'பிரவுஸ் டைம் மெஷின் பேக்கப்ஸ்' போங்கள். 'ஒன்று', 'இரண்டு' ஆகிய இரு பதிப்புகளும் கைக்கு வந்தால் உங்கள் பேக்கப் பழைய நிலைகளையும் சேர்த்து வைக்கிறது என்று பொருள். 'இரண்டு' மட்டும் வந்தால், நீங்கள் தெரியாமல் கெடுத்துச் சேமித்த ஒரு ஃபைலை அது காப்பாற்றாது. அமைப்பை மாற்ற வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரைவை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, நீளமான வீடியோ ஒன்று, சமீபத்திய ஆவணம் ஒன்று திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு உண்மையிலேயே நினைவில் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

விண்டோஸே திறக்காமல் போகும் நாளுக்கு, 'கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்' என்று தேடி ஒரு பென் டிரைவில் அதை உருவாக்கி வையுங்கள். இதற்குத் தனிப் பென் டிரைவ் வேண்டும், அதில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுதும்.

டிரைவுக்கு வயதானால்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிரைவ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு வரியை மட்டும் பாருங்கள்: 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ்'. தட்டில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களின் எண்ணிக்கை அது. பூஜ்யமாக இருந்தது ஏறத் தொடங்கினால் அந்த வாரமே புது டிரைவ் வாங்கிவிடுங்கள். எல்லாம் பூஜ்யமாக இருந்தும் திடீரென்று சாகும் டிரைவ்களும் உண்டு, அதற்காகத்தான் இரண்டாவது.

சீராக 'டக், டக்' என்று தட்டும் சத்தம், கேபிளையும் போர்ட்டையும் மாற்றிய பிறகும் நிற்காமல் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது தட்டை இன்னும் கீறும். இன்னொரு நகல் இருந்தால் அதை வைத்து ஒரு புது டிரைவைத் தயார் செய்யுங்கள். இல்லையென்றால், தரவு மீட்பு நிபுணரிடம் கொடுக்கும்வரை அதைத் தொடாமல் வைத்திருப்பதுதான் ஒரே நல்ல வழி. வாரண்டி இருந்தால் புது டிரைவ் கிடைக்கும், உள்ளே இருந்த தகவலுக்கு வாரண்டி கிடையாது.

ஓய்வு கொடுக்கும் பழைய டிரைவை அப்படியே குப்பையில் போடவோ விற்கவோ வேண்டாம். குவிக் ஃபார்மேட் செய்தால் ஃபைல்கள் அப்படியே இருக்கும், பட்டியல் மட்டும்தான் அழியும். ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் 'குவிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் ஓட்டுங்கள், அது டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்எஸ்டியில் அப்படி மேலெழுதினாலும் உள்ளே ஒதுங்கிய சில பகுதிகள் தப்பிவிடலாம், அதனால் தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள செக்யூர் இரேஸ் தேர்வைப் பயன்படுத்துங்கள். வாங்கிய முதல் நாளே முழு டிரைவுக்கும் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் இந்தக் கவலை பெரிதும் குறைந்துவிடும், ஒரு ஃபார்மேட் செய்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.